கால், கால், அரை: பிள்ளைகள் ஈடுபட்டுப் படிக்கும் வகுப்பை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை நிறுத்தி, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட்டை ஊற்றினார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்ட்டும் மணலும் தூவி, கலவை போட்டு அமுக்கினார்கள். பிள்ளைகள் பேசாமல் பார்த்தார்கள். முன்பே செய்து வைத்திருந்த கற்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியபோது ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், கல்லு காயணும்ல? ஏன் திரும்பத் தண்ணிக்குள்ள போடுறாங்க?"

நான் அங்கேயே பதிலைச் சொல்லிவிட்டேன். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, அந்த வினை பல நாள் நடக்கும், அதுவரை ஈரம் வேண்டும் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பையன் தலையாட்டினான். அடுத்த வாரம் வகுப்பில் கேட்டபோது அவனுக்கும் நினைவில்லை, பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கும் நினைவில்லை. தானாக வந்த நல்ல கேள்வியை நான் அவசரப்பட்டு மூடிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுவருஷம் வேறு பிள்ளைகள், அதே தொட்டி, கிட்டத்தட்ட அதே கேள்வி. இந்த முறை நான் பதில் சொல்லவில்லை. "திங்கட்கிழமை வகுப்பில் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை என்ன செய்தேன் என்பதிலிருந்துதான் இந்த வழிகாட்டியில் உள்ள பெரும்பாலானவை வந்தன. காரைக்குடிப் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாகக் கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். 40 பிள்ளைகள், ஒரு கரும்பலகை, நகர்த்த முடியாத பெஞ்சு, 45 நிமிடப் பாடவேளை என்ற நிலையில் இருக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இதெல்லாம் பொருந்தும்.

முதலில் ஒரு பழைய கணக்கு

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், படிப்பு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு சேர்ந்து பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை வந்து சேரும்.

இதை எத்தனையோ முறை மேற்கோளாகக் கேட்டிருக்கிறோம். பாடவேளையை அந்தக் கணக்கில் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. 45 நிமிடத்தில் கால் என்றால் 11 நிமிடம். ஆசிரியர் பேச 11, பிள்ளைகள் தங்களுக்குள் பேச 11, பிள்ளைகள் எடுத்துச் சொல்ல 22. ஒருநாள் என் வகுப்பை என் போனிலேயே ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்டேன். 30 நிமிடத்துக்கு மேல் என் குரல்தான் இருந்தது. நீங்களும் ஒருமுறை பதிவு செய்து கேட்டுவிட்டு மேலே படியுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

நிமிடக் கணக்கைக் கடிகாரம் பார்த்துப் பின்பற்றச் சொல்லவில்லை. சில நாள் 20 நிமிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் வாரத்தை மொத்தமாகப் பார்த்தால் நம் பங்கு காலுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

படி 1: பக்கத்தை விட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

"நாளைக்கு 54-ம் பக்கம்" என்று திட்டமிட்டால் பக்கம் முடியும், பாடம் ஏறியதா என்று தெரியாது. ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு இன்று உள்ளே வரும் பிள்ளையால் சரியாகப் பதில் சொல்ல முடியாது, வெளியே போகும்போது முடியும் என்று இருக்க வேண்டும். "பரப்பளவு நடத்த வேண்டும்" என்பது திட்டம் ஆகாது. "12 அடிக்கு 10 அடி அறைக்கு எத்தனை கல் வாங்க வேண்டும்?" என்றால் பிடி கிடைத்துவிடும்.

எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று குழம்ப வேண்டாம். பழைய விடைத்தாள்களை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வருஷா வருஷம் அதே தப்பு வருகிறதோ அங்கே தொடங்குங்கள்.

படி 2: ஊரிலிருந்து ஒரு பொருளை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்

செட்டிநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. பனையோலைக் கூடையான கொட்டானின் பின்னலில் பின்னமும் விகிதமும் இருக்கின்றன. கண்டாங்கிச் சேலையின் கட்டங்களில் சமச்சீர் இருக்கிறது. ஊருணியில் கொள்ளளவு, ஆவியாதல், நிலத்தடி நீர் என மூன்று பாடம். ஓட்டுக் கூரை நாலு பக்கமும் உள்முற்றத்துக்குச் சரிந்து மழைநீரை இறக்கும் வீட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பருமனைச் சொல்லித்தர வேறு படம் தேவையில்லை.

பொருளைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கையில் கொடுத்து, அதைப் பற்றி ஒரு சிக்கலையும் கொடுக்க வேண்டும். நான் நடத்தும் கல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு அங்குலச் சதுரக் கல். அறை 12 அடிக்கு 10 அடி. 12 அடி என்றால் 144 அங்குலம், 18 கல். 10 அடி என்றால் 120 அங்குலம், 15 கல். மொத்தம் 270. எல்லாப் பிள்ளைகளும் போட்டுவிடுவார்கள். போடட்டும், நம்பிக்கை வரும்.

இப்போது கல்லைப் பத்து அங்குலமாக மாற்றுங்கள். பரப்பை வகுத்துப் பார்ப்பவர்கள் 17,280-ஐ 100-ஆல் வகுத்து 172.8, ஆகவே 173 என்பார்கள். வரிசை வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம் 14.4 கல், அதனால் 15 வேண்டும், மறுபக்கம் 12, ஆக 180 என்பார்கள். யார் சரி? இங்கே நான் வாயே திறப்பதில்லை. தாளை வெட்டி ஒட்டச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள்: முழுக்கல் 168 போக, ஓரத்தில் நாலு அங்குல அகலத்தில் 12 துண்டு வேண்டும். ஒரு கல்லை வெட்டினால் அப்படி இரண்டு துண்டு கிடைக்கும். அதற்கு ஆறு கல். ஆக 174.

ஒரு வருஷம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "வெட்டுன துண்டுல பூ சேராதே டீச்சர்" என்றாள். அவள் அப்பா கொத்தனார். பூ வேலை உள்ள கல்லென்றால் இரண்டாவது துண்டில் வடிவம் பொருந்தாமல் போகலாம், அப்போது 180 சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பரப்பளவு என்ற எண்ணுக்கும், தரையை நிரப்புவது என்ற வேலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு வாக்கியத்தில் வகுப்பு முழுக்கப் புரிந்துகொண்டது. அவள் அப்பாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்தோம். விருந்தினரை அழைத்தால் "ஏதாவது பேசுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள், அவருக்கும் கூச்சமாக இருக்கும். பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிய மூன்று கேள்விகளை அவரிடம் கொடுங்கள். எங்கள் கொத்தனார் உடைசலுக்கு எவ்வளவு கூடுதலாகச் சேர்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த விதமே வேறு.

படி 3: முதல் ஐந்து நிமிடம் நினைவைக் கிளறுங்கள்

உள்ளே நுழைந்ததும் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். மூன்று கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. யாரும் யாரையும் பார்க்காமல் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. விடையை உடனே சொல்லித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பத்தியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் மேலே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவுபடுத்தி எழுதியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். "நல்லாத்தான் படிச்சேன், பரீட்சையில மறந்துபோச்சு" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. படித்த அன்று அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது.

போன மாதக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடினமாக இருப்பதால் நாமே தவிர்க்கப் பார்ப்போம். அதில்தான் பலன் அதிகம்.

படி 4: உங்கள் கால் பங்கைச் சுருக்கமாக, முழுமையாகக் கொடுங்கள்

குறைவாகப் பேசச் சொன்னால் சில ஆசிரியர்கள் பேசவே கூடாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. ஒன்றுமே தெரியாத பிள்ளையைக் குழுவில் உட்காரவைத்து "நீயே கண்டுபிடி" என்றால் அவனுக்குச் சலிப்புத்தான் மிஞ்சும். புதிய கருத்தை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், அதுவும் தெளிவாக.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு முறை இருந்திருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய லேவாதேவிக் கடைகளில் சின்ன வயதில் சேர்பவன் பெட்டியடிப் பையன். மேலாள் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, சின்னச் சின்ன வேலையை எடுத்துச் செய்து, அடுத்தாளாக உயர்ந்து, கடைசியில் கடையையே நடத்தும் மேலாளாக வருவான். வகுப்பிலும் அதே வரிசைதான். முதல் கணக்கை நீங்கள் முழுதாகப் போடுங்கள், ஏன் இந்தப் படி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. இரண்டாவது கணக்கில் கடைசிப் படியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். மூன்றாவதில் பாதியை விடுங்கள். நான்காவதை அவர்களே போடட்டும். நேராக முதலிலிருந்து நான்காவதுக்குத் தாவும்போதுதான் பாதி வகுப்பு கழன்றுகொள்கிறது.

படி 5: கேள்வி கேட்பதை மாற்றுங்கள்

எதையாவது ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். காசு செலவில்லை, அனுமதி வேண்டியதில்லை, நாளைக் காலையே தொடங்கலாம்.

கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, தெரியாது என்று சொல்வது குறைந்தது, கேட்காமலே பேச முன்வந்தவர்கள் கூடினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதுதான். வகுப்பில் நிற்கும்போது ஒரு யுகமாகத் தோன்றும். நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் அவசரம் வந்துவிடும். பதில் வந்த பிறகும் உடனே "சரி" என்று சொல்லாமல் இன்னொரு மூன்று நொடி இருங்கள். சொன்ன பிள்ளை தன் பதிலைத் தானே நீட்டும், திருத்தும்.

கையைத் தூக்குபவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். எப்போதும் அதே ஆறு கைதான் மேலே போகும். ஐஸ் குச்சிகளில் எல்லாப் பெயரையும் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன். முதலில் கேள்வி, பிறகு காத்திருப்பு, அதற்கப்புறம்தான் குச்சி. பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். குச்சி வந்த பிள்ளைக்குத் தெரியாவிட்டால் நிற்கவைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு மறுபடி அவரிடமே வந்து, "இந்த ரெண்டுல எது சரின்னு உனக்குத் தோணுது?" என்று கேளுங்கள். தப்பிக்கவும் முடியாது, அவமானமும் இல்லை.

சிலேட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிலேட்டு இல்லையென்றால் பழைய காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் டேப் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கேள்வி, எல்லோரும் எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். 40 பேரின் மனமும் ஒரே பார்வையில் தெரியும். இதில் கேட்கும் கேள்வியை யோசித்துத் தயாரிக்க வேண்டும். தப்பு விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். உதாரணம்:

100 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்கிறது. முற்றத்துக்கு எத்தனை லிட்டர் வரும்? அ) 10 ஆ) 100 இ) 1000

பெரும்பாலும் 100 என்றுதான் தூக்குவார்கள். செ.மீ.-ஐ மீட்டராக மாற்றாமல் பெருக்கியவர்கள் அவர்கள். மாற்றிவிட்டு, கன மீட்டரை லிட்டராக்கும்போது தடுமாறியவர்களும் கலந்திருப்பார்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1991-இல் தன் பெரிய வகுப்புகளில் இப்படித்தான் தொடங்கினார்: கேள்வி, தனியாக விடை, பக்கத்தில் உள்ளவரோடு வாதம், மறுபடி விடை. ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் வாதத்துக்கு விடுங்கள். அதற்குக் கீழே என்றால் நீங்கள் திரும்ப விளக்க வேண்டும். மேலே என்றால் நகர்ந்துவிடலாம். விடை இ என்பதை வாதம் முடியும் வரை முகத்தில்கூடக் காட்டிவிடாதீர்கள்.

தப்பான பதிலை எப்படி வாங்குகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "யாராவது சரியா சொல்லுங்க" என்று ஒருமுறை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்காது. "100 எப்படி வந்திருக்கும்? போட்டவங்க என்ன யோசிச்சிருப்பாங்க?" என்று வகுப்பைக் கேளுங்கள். தப்பை ஆராயும் பொருளாக மேசையில் வையுங்கள், ஆளை விட்டுவிடுங்கள்.

படி 6: கூட்டாளியின் கால் பங்கு

நான் முதன்முதலில் குழுவாகப் பிரித்த நாள் பெரும் கூச்சலில் முடிந்தது. எட்டுப் பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதியது, இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், மீதிப் பேர் கதை பேசினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். தப்பு முழுக்க என்னுடையது. யாருக்கு என்ன வேலை என்று நான் சொல்லவில்லை.

ஆகவே இருவரில் தொடங்குங்கள். பெஞ்சை நகர்த்த வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்தான் ஜோடி. ஒரு நிமிடம் தனியாக யோசித்து எழுதட்டும். இரண்டு நிமிடம் ஜோடியாகப் பேசட்டும். பிறகு குச்சியை எடுத்து, "உன் கூட்டாளி என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். தன் பதிலைக் கேட்காமல் கூட்டாளியின் பதிலைக் கேட்பதால் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். தனியாக யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டால் வேகமான பிள்ளையின் விடையே இருவரின் விடையாகிவிடும்.

இரண்டு மாதம் இது பழகிய பிறகு நால்வருக்குப் போகலாம். அப்போது ஒவ்வொருவர் கையிலும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பு, வெள்ளை, மெக்சிக வழிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து முரண்டு பிடித்த நேரத்தில் உருவாக்கிய முறை இது. சமூக அறிவியல் எடுக்கும் என் தோழி எட்டாம் வகுப்பில் இப்படிச் செய்தார்.

கேள்வி: "நம்ம ஊரில் இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் ஏன் ஒரு கட்டத்தில் கட்டுவதை நிறுத்தினார்கள்?" நாலு துண்டு. முதலாவது, பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் எப்படி இங்கே வந்தன. இரண்டாவது, பர்மா நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த லேவாதேவித் தொழில். மூன்றாவது, 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-இல் சுமார் 25 சதவீதமானது. நான்காவது, 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும் ஊர் திரும்பியதும். எந்த ஒரு துண்டை மட்டும் படித்தாலும் கேள்விக்கு விடை கிடைக்காது. நிலம் கூடியது செழிப்பின் அடையாளமா, சிக்கலின் அடையாளமா என்று பிள்ளைகள் அரைமணி நேரம் வாதாடினார்கள் என்று அவர் சொன்னார்.

நடத்தும் விதம்: 40 பேரைப் பத்து வீட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள், குழுவுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு உள்ளவர்கள் பத்துப் பேர் ஒன்றுகூடினால் கூட்டமாகிவிடும், ஐந்தைந்தாகப் பிரித்துவிடுங்கள். பத்து நிமிடம் அவர்கள் அந்தத் துண்டைப் படித்து, எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்ளட்டும். பிறகு வீட்டுக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு மூன்று நிமிடம் சொல்லட்டும். இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் கிடைக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அவருடைய துண்டை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். இதை மறந்தால் அந்தக் குழுவே அவரைப் பழிக்கும்.

படி 7: அரைப் பங்கு, பிள்ளைகள் எடுத்துச் சொல்வது

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், கொஞ்சம் தண்ணீர். கையுறை போட்டுக் கரண்டியால் நானே கலந்தேன். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அப்பம் போல மெல்லிய வட்டாக இரண்டு வார்த்தோம். தடிமனாகப் போட்டால் உள்ளே ஈரம் தங்கி வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. மறுநாள் இறுகியதும் ஒன்று வாளித் தண்ணீருக்குள், மற்றது மொட்டைமாடி வெயிலில்.

வைக்கும் முன்பே ஒவ்வொருவரும் எது கெட்டியாகும், ஏன் என்று எழுத வேண்டும். இதைத் தவறவிட்டால் மொத்தமும் வேடிக்கையாகிவிடும். எழுதிவைத்த பிள்ளைக்கு முடிவில் பங்கு இருக்கிறது. பெரும்பாலோர் வெயிலில் இருப்பது என்றார்கள். "அப்பத்தா வடகம் காயப்போட்டா கல்லு மாதிரி ஆகுதுல்ல" என்று ஒரு காரணம், நல்ல காரணம். ஒரு வாரம் கழித்து ஆணியால் கீறினோம். வெயிலில் இருந்தது பொடிப்பொடியாக உதிர்ந்தது. தண்ணீரில் இருந்ததில் ஆணி வழுக்கியது.

அப்போதும் நான் விளக்கவில்லை. பாடநூலில் சிமெண்ட் பற்றிய பத்தியைக் கொடுத்து, ஜோடியாக உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று நிமிடத்தில் சொல்வதுபோலத் தயார் செய்யச் சொன்னேன். அடுத்த நாள் நிஜமாகவே ஐந்தாம் வகுப்பை அழைத்து வந்தோம். கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் சொல்பவருக்குப் பொறுப்பு வரும். எல்லாம் தெரிந்த ஆசிரியருக்கு முன் ஒப்பிப்பதில் அந்தப் பொறுப்பு இல்லை.

சில நடைமுறைகள். பேச்சு வழக்கிலேயே சொல்லட்டும். எழுதும்போது பாடநூல் சொற்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, படம் வரையலாம். கேட்பவர்கள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கூச்சப்படும் பிள்ளையை முதலில் ஒரே ஒருவருக்குச் சொல்ல வையுங்கள், பிறகு நால்வருக்கு. எங்கள் வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்காத ஒரு பெண், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தன் தம்பிக்கு முன்னால்தான் முதலில் பேசினாள். தப்பாகச் சொன்னால் நடுவில் குறுக்கிடாதீர்கள். குறித்துக்கொண்டு, மறுநாள் முதல் ஐந்து நிமிடக் கேள்வியாக வையுங்கள்.

படி 8: நோட்டுத் திருத்துவது

மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் போடாதீர்கள். 1988-இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் பிள்ளையின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் பதிய வேண்டும்தான். பதிவேட்டில் பதியுங்கள், நோட்டில் ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள், "இந்த வரியில் அலகைப் பார்" என்பதுபோல அவர் உடனே செய்யக்கூடியதாக. வாரம் பத்து நோட்டுக்குச் செய்தாலே மாதத்தில் வகுப்பு முடிந்துவிடும்.

போர்ஷன் முடியுமா?

எல்லோரும் கேட்பது இதுதான், நியாயமான கவலை. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குப் பொதுத்தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. வரையறைகள், வாய்பாடுகள், அட்டவணைகளுக்கெல்லாம் குழு எதற்கு? நேராகச் சொல்லிக்கொடுத்து, காலையில் மூன்று கேள்வியில் சேர்த்துவிடுங்கள். ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு பாடவேளை மட்டும் முழு முறையில் நடத்துங்கள். கேள்வி கேட்கும் முறையையும் முதல் ஐந்து நிமிடத்தையும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் நான் ஒரு பாடம் பின்தங்கினேன். மூன்றாம் பருவத்தில் திருப்புதலுக்கு வழக்கமாக ஆகும் நாட்களில் பாதிதான் ஆயின. ஜூனிலிருந்தே தினமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள் அல்லவா.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது பாட அட்டைகளும், அவற்றை எந்த வரிசையில் படிப்பது என்று காட்டும் ஏணிப்படி அட்டவணைகளும், உட்காரப் பாய்களும் வந்தன. வகுப்பின் தோற்றமே மாறியது. பிள்ளை தன் வேகத்தில் படிக்கட்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்றும் பிடித்தமானது. ஆனால் அட்டையை எடுத்து முடித்த பிள்ளையிடம் "ஏன் அப்படிப் போட்டே?" என்று உட்கார்ந்து கேட்ட ஆசிரியரிடம்தான் அது வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். பொருள் எதுவானாலும், ஸ்மார்ட் போர்டே வந்தாலும், அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

படி 9: வெளியே போகும் சீட்டு

மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது எல்லோருக்கும் கால் தாள். அன்றைய கேள்விக்கு இரண்டு வரி விடை, அதன் கீழே "எனக்கு இன்னும் புரியாதது" என்று ஒரு வரி. வாசலில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: புரிந்தவை, பாதி புரிந்தவை, தடம் மாறியவை. ஐந்து நிமிட வேலை, மதிப்பெண் போடாதீர்கள். தடம் மாறிய குவியல் பெரிதாக இருந்தால் நாளைக்குப் புதுப் பாடம் கிடையாது. சிறிதாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் புரிந்தவர்களை உட்காரவைத்துத் தொடங்குங்கள். பாதி புரிந்தவற்றில் இருந்து ஒரு விடையை எடுத்து, பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, "இதில் எது சரி, எது விட்டுப்போச்சு?" என்று கேட்டால் நாளைய முதல் ஐந்து நிமிடம் தயார்.

கடைசி வரியில் வரும் கேள்விகளை ஒரு பழைய நோட்டில் ஒட்டிவருகிறேன். சிமெண்ட் பாடத்தன்று வந்த சீட்டு ஒன்றில் இப்படி இருந்தது: "எங்க வீட்டுச் சுவரில சிமெண்டே இல்ல, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்தான்னு ஐயா சொல்றாங்க. அதுக்கும் தண்ணி ஊத்துனாங்களா?" சுண்ணாம்பு இறுகுவது வேறு கதை, அதற்குக் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். அதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமைக்கு இரண்டு வட்டு சுண்ணாம்புக் கலவை வார்த்து வைத்தேன்.